கண்ணை மூடினால் இல்லை

ஜெபஷீலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கஞ்சி குடிக்கிறியா ஷீலா?" என்று கேட்டதற்குத்தான் மூடினாள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. மேலே பார்த்தால் ஆமாம், மூடினால் இல்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆனால் "அப்ப கஞ்சி வேண்டாமா?" என்று கேட்டபோதும் மூடிய கண் மூடியபடியே இருந்தது. ஃபேனைப் போடவா? மூடல். நிறுத்தவா? மூடல். கடைசியில் "நான் சுந்தர்ராஜ்தான?" என்று கேட்டுப் பார்த்தார். அதற்கும் மூடல்.

போடி பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் சுந்தர்ராஜ், தான் யார் என்பதே உறுதியாகாத நிலையில், ஆறிப்போன கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ஐப்பசி தொடங்கியதிலிருந்து இதே கதைதான். மனைவிக்கு வந்திருப்பது நரம்பு வியாதி. முதலில் நாக்கில் உட்கார்ந்தது. பிறகு விரல், கை, கால், கழுத்து என்று ஒவ்வொன்றாகப் பூட்டுப் போட்டுக்கொண்டே வந்து, கண்ணை மட்டும் விட்டுவைத்தது. மதுரையில் ஒரு பெரிய நரம்பு டாக்டர், மோட்டார் நியூரான் என்று ஆரம்பித்து, படம் வரைந்து, அந்தப் படத்துக்கு விளக்கம் சொல்ல இன்னொரு படம் வரைந்தார். அவ்வளவிலும் சுந்தர்ராஜுக்குப் புரிந்தது கடைசி வாக்கியம்தான். "கண்ணு மட்டும் கடைசி வரைக்கும் நிக்கும். அநேகமா."

அந்த 'அநேகமா'தான் இப்போது அவர் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. முடியவில்லையா, மாட்டேன் என்கிறாளா? முடியவில்லை என்றால் கதை முடிந்தது. அவளிடம் போய்ச் சேர இருந்த ஒரே பாதையும் அடைபட்டுப்போனது. மாட்டேன் என்கிறாள் என்றால் ஏதோ கோபம். கோபம் என்றால் ஆள் உள்ளே இருக்கிறாள். ஆகவே தினமும் முழங்கால் போட்டு, "கர்த்தாவே, அவ எம்மேல கோவமா இருக்கணும்" என்று வேண்டிக்கொண்டார். பெண்டாட்டி தன்னோடு வேண்டுமென்றே பேசாமல் இருக்க வேண்டும் என்று ஜெபித்த புருஷன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நல்ல நாளில் ஜெபஷீலா பேசாமல் இருந்த பொழுது என்று ஒன்று கிடையாது. கல்யாணமாகி வந்த வாரமே மாமனார் வீட்டுச் சுவரைப் பார்த்து, "இது என்ன கலரு?" என்று கேட்டவள் அவள். கடையில் மிச்சம் மீதி கிடந்த டப்பாக்களை ஒன்றாகக் கலக்கி அடித்த சுவர் அது. அந்த நிறத்துக்கு எந்தக் கம்பெனியும் இன்னும் பெயர் வைக்கவில்லை. "ஊருக்கெல்லாம் கலரு விக்கிறாக, சொந்த வீட்டுக்குக் கழுவுன தண்ணிய அடிச்சிருக்காக" என்றாள். "பெயிண்டு வீணாகக்கூடாதுல்ல" என்றார் சுந்தர்ராஜ். அன்று தொடங்கிய வாக்குவாதம் இடையிடையே சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் நின்றது. உப்பு, மருமகன், மின்விசிறியின் வேகம், சுரைக்காயை எப்படி நறுக்குவது என்று எல்லாவற்றிலும் இரண்டு கட்சி. விலக்கு கிடையாது.

சபையில் சுந்தர்ராஜுக்கு இன்னொரு பெயரும் உண்டு: நீண்ட ஜெபக்காரர். சாப்பாட்டுக்கு முன் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றால், ஏதேன் தோட்டத்தில் ஆரம்பித்து, தேனி மாவட்ட ஆட்சியரையும் தொட்டு, இஸ்ரவேலுக்குள் நுழைவார். பிரியாணி ஆறும். பிள்ளைகள் அழும். ஜெபஷீலாதான் அதற்கு மருந்து வைத்திருந்தாள். சரியாக அவர் மூச்சு வாங்கும் இடத்தில், "ஆமென்" என்று கணீரென்று ஒரு போடு. பந்தியில் இருக்கும் அத்தனை பேரும் நன்றியோடு "ஆமென்" என்பார்கள். அப்புறம் ஆண்டவரே நினைத்தாலும் அந்த ஜெபத்தைத் தொடர முடியாது. "ஐயாவோட பிரசங்கத்துல ஆண்டவருக்கே தூக்கம் வந்துரும்" என்பாள் வீட்டுக்கு வந்து. "என்னைய அவமானப்படுத்துற" என்பார் அவர். அதில் அரைமணி நேரம் போகும்.

வியாதி என்று உறுதியான மறுவாரம், சுந்தர்ராஜ் கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். "இனி என் ஜீவனுள்ள மட்டும் என் மனைவியின் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது." குரல் உடைந்தது. பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்று முதல் போடியில் எந்த வீட்டில் புருஷன் எதிர்த்துப் பேசினாலும், "சுந்தர்ராஜ் அண்ணனப் பாருங்க" என்று அவரை எடுத்து அடித்தார்கள். ஆண்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள்.

சொன்னபடியே நடந்தார். கடையை ஆள்விட்டுப் பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டினார், தலை வாரினார், கஞ்சி ஊட்டினார். அவள் பேச்சு குழறத் தொடங்கியபோது, "உப்பு கம்மி" என்றால் "ஆமா, கம்மிதான்" என்றார். கையெழுத்து கோணலானபோது அவள் ஒரு தாளில் 'சுவர் கேவலம்' என்று எழுதிக் காட்டினாள். "ஆமா, கேவலம்" என்று சொல்லி மறுவாரமே வெள்ளை அடித்தார். வெள்ளைச் சுவரை அவள் பார்த்த பார்வை அவருக்கு அப்போது விளங்கவில்லை. மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் விஜி, கண்ணசைவைப் படித்துப் பேசும் கருவி ஒன்றை வாங்கி அனுப்பினாள். திரையில் உள்ள சொல்லைப் பார்த்தால் போதும், அது பேசும். பேசியது, ரயில் நிலையத்தில் தாமதத்துக்கு வருந்தும் அதே அம்மாளின் குரலில். ஒருநாள் சுந்தர்ராஜ் உரக்க ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஜெபஷீலா 'நிறுத்து' என்பதைப் பார்த்தாள். கருவி, "தயவுசெய்து நிறுத்தவும்" என்றது. முப்பது வருசத்தில் அவள் வாயிலிருந்து ஒரு தயவுசெய்து வந்து அவர் கேட்டதில்லை. அவளும் திடுக்கிட்டுப்போனாள். அதற்குப் பிறகு அந்தத் திரையை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கருவி இப்போது பீரோவின் மேல் துணி போர்த்தி இருக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் தனி ரகம். சிலர் அவளுக்குக் காது போய்விட்டதாக நினைத்துக் கத்துவார்கள். சிலர் அவளை வைத்துக்கொண்டே அவரிடம், "நல்லாத் தூங்குறாகளா? மோசன் போறாகளா?" என்று விசாரிப்பார்கள். "ஒரு ஜெபம் பண்ணிக்கிருவமா ஷீலா?" என்று கேட்பார்கள். அவள் கண்ணை மூடுவாள். இல்லை, வேண்டாம் என்று அர்த்தம். "பாருங்க, கண்ண மூடி ரெடியாயிட்டாக, என்ன ஒரு பக்தி" என்று சொல்லி முக்கால் மணி நேரம் ஜெபிப்பார்கள்.

வியாதியோடு இலவச இணைப்பாக ஒரு சிரிப்பும் ஒரு அழுகையும் வந்திருந்தன. காரணமில்லாமல் வரும், கண்டுகொள்ள வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேவதானப்பட்டியில் ஒரு பெரியப்பா துக்கத்துக்குப் போயிருந்தபோது, "வாரி வழங்கிய வள்ளல்" என்று ஒருவர் இரங்கல் வாசித்த இடத்தில் ஜெபஷீலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வியாதி, வியாதி என்று சுந்தர்ராஜ் எல்லாரிடமும் கைகூப்பினார். ஆனால் அந்தப் பெரியப்பா காக்காய்க்குக்கூடக் கை ஓங்கமாட்டார், கையில் ஒட்டியிருக்கும் சோறு விழுந்துவிடும் என்று. ஆகவே அது வியாதிச் சிரிப்பா நிசச் சிரிப்பா என்பதில் அவருக்கு இன்றுவரை சந்தேகம்.

இப்போது அந்தச் சிரிப்பும் நின்றுபோய், மூடிய கண் மட்டும் மிச்சம்.

இந்த நிலைமையில்தான் ஜாஸ்பர் வந்தார். ஜெபஷீலாவின் இன்னொரு பெரியப்பா மகன், துணிக்கடைக்காரர், சபைச் செயலாளர். இரண்டு சங்கங்களுக்குத் தலைவர், அதில் ஒன்றில் அவரைத் தவிர உறுப்பினர் கிடையாது. உட்கார்வதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள, வார ஞாயித்துக்கிழம அறுப்பின் பண்டிகை. தங்கச்சிய அவசியம் கூட்டியாரணும். ஒரு சால்வை, ஒரு விசேச ஜெபம், நான் ஒரு நாலு வார்த்தை..."

"நாலா?"

"சுருக்கமாத்தான் மாப்ள. அப்புறம் வழக்கம்போல ஏலம். இந்த வருசம் பூசணிக்காய் ஒண்ணு வந்திருக்கு பாருங்க, ரெண்டு ஆளு சேந்து தூக்கணும்."

அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் அவரவர் விளைச்சலில் முதல் பலனைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். பொருளுக்காக யாரும் கேட்பதில்லை, கௌரவத்துக்காகக் கேட்பார்கள். எலுமிச்சம்பழம் ஒன்று ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும். ஏலக்காயைக் கம்ப்யூட்டரில் ஏலம் விடும் ஊரில், இந்த ஒரு ஏலம்தான் இன்னும் தொண்டைத் தண்ணீரில் நடக்கிறது.

அதில் ஜெபஷீலாவின் ஆட்டம் பிரசித்தம். ஜாஸ்பர் எதைக் கேட்டாலும் அவளும் கேட்பாள். செயலாளர் விட்டுக்கொடுக்க முடியுமா? ஏற்றுவார். அவளும் ஏற்றுவாள். ஏற்றி, ஏற்றி, அவர் நெற்றியில் வியர்வை பூக்கும் நேரம் பார்த்து, சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பூசணிக்காய் ஜாஸ்பர் தலையில் விழும். வருசா வருசம் அவர் வீட்டில் கிறிஸ்துமஸ்வரை பூசணிக்காய்தான்.

ஜாஸ்பர் 'பூசணிக்காய்' என்றபோது சுந்தர்ராஜ் தற்செயலாக மனைவியைப் பார்த்தார். கண் திறந்திருந்தது. ஜாஸ்பரையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஷீலா" என்று அவர் எழுந்ததும் பட்டென்று மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பச்சைப் பட்டு உடுத்தி, கழுத்துக்குப் பட்டை போட்டு, சக்கர நாற்காலியோடு வேனில் ஏற்றினார். மேற்கு மலையில் மேகம் இறங்கிக் கிடந்தது. "போவமா? வேண்டாம்னா வேண்டாம், ஒன் இஷ்டம்தான்" என்று மூன்று தடவை கேட்டார். மூடிய கண் திறக்கவில்லை.

ஆராதனையில் ஜாஸ்பரின் நாலு வார்த்தை இருபது நிமிடம் ஓடியது. சால்வை போர்த்தினார்கள். அவள் கண் மூடியே இருந்தது. சுற்றி இருந்தவர்கள் பக்தி என்றார்கள்.

ஏலத்தை நடத்துவது ஜெபமணி வாத்தியார். விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் ஊதி ஊதி வளர்ந்த தொண்டை. அவர் ஒரு விலை சொல்வார், கை தூக்குகிறவர் அந்த விலைக்குச் சொந்தம். அதற்குமேல் அடுத்த விலை. இரண்டு பேர் மூச்சுத் திணறப் பூசணிக்காயைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார்கள்.

"செக்ரட்டரி, எரநூறுல ஆரம்பிப்பமா?"

ஜாஸ்பர் கை தூக்கினார்.

"எரநூத்தம்பது?"

சுந்தர்ராஜுக்கு முழங்கையில் யாரோ இடித்ததுபோல் இருந்தது. குனிந்து பார்த்தார். ஜெபஷீலாவின் கண் திறந்து, கருவிழி இரண்டும் கூரையில் நின்றன. ஐப்பசி பிறந்த பிறகு வந்த முதல் ஆமாம்.

"ஷீலா கேக்குது" என்றார். "எரநூத்தம்பது. ஷீலா கேக்குது."

ஜெபமணி வாத்தியார் ஜாஸ்பரைப் பார்த்தார். ஜாஸ்பர் கையை மெதுவாகக் கீழே இறக்கி, நெஞ்சில் வைத்து, தலையைச் சாய்த்து, தேன் ஒழுகும் குரலில் சொன்னார்: "தங்கச்சி ஆசப்பட்டுருச்சு. தங்கச்சிக்கே இருக்கட்டும்."

கைதட்டல். பூசணிக்காயை அவள் காலடியில் கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்து அனுமந்தன்பட்டித் திராட்சை, ஒரு கூடை. அவள் அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பினாளோ இல்லையோ, "அக்கா பாத்தாக, அக்காவுக்கே குடுத்துருங்க" என்று யாரோ சொல்ல, கூடை மடிக்கு வந்தது. முழுத் திராட்சையை விழுங்க முடியாத பெண்ணின் மடியில் ஒரு கூடைத் திராட்சை. தொடர்ந்து ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு இலவம்பஞ்சுத் தலையணை. ஏலம் எடுக்கிறாளா மொய் வாங்குகிறாளா என்று தெரியாத அளவுக்கு மடி நிறைந்தது.

ஜெபஷீலாவின் கண் மூடியது. ஓரத்திலிருந்து நீர் இறங்கியது.

"ஆனந்தக் கண்ணீரு" என்றாள் ஒரு அம்மாள்.

"கண்டுக்காதீக, வியாதி" என்றார் ஒரு விவரம் தெரிந்தவர்.

சுந்தர்ராஜ் ஜாஸ்பரைப் பார்த்தார். மச்சான் முகத்தில் இன்னும் அந்தச் சாந்தம் வழிந்துகொண்டிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, உதடு பிரியாத சிரிப்பு. எங்கேயோ பார்த்த முகம். எங்கே என்று யோசித்தார். பிறகு தெரிந்தது. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று தானே சவரம் பண்ணுகிற முகம்தான் அது. ஒரு வருசமாக அவர் கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற முகம். 'ஆமா, உப்பு கம்மிதான்.' 'ஆமா, சுவர் கேவலம்.' 'ஒன் இஷ்டம்தான்.'

முப்பது வருசம் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று சண்டை போட்ட சுவர் அது. அதை அவள் கேவலம் என்று எழுதியது வெள்ளை அடிப்பதற்காகவா?

மேசைமேல் அடுத்த பொருளைக் கொண்டுவந்தார்கள். சேவல். கடமலைக்குண்டு சந்தையில் யாரோ வாங்கிக் காணிக்கை வைத்தது. பிரசங்கத்தின் நடுவில் இரண்டு தடவை கூவிப் போதகரையே நிறுத்தி ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வைத்தது.

கோழி என்பது அந்த வீட்டில் பழைய வழக்கு. சுந்தர்ராஜுக்குக் கொல்லையில் கோழி வளர்க்க ஆசை. "கோழி இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும்" என்பது ஜெபஷீலாவின் நிலைப்பாடு. ஒருமுறை துணிந்து ஒரு பெட்டைக் கோழியை வாங்கிவந்து கட்டிவிட்டுக் கடைக்குப் போனார். மத்தியானம் சாப்பாட்டில் அது இருந்தது. "வளக்கத்தான வாங்கியாந்தேன்" என்றார். "வயித்துல வளருங்க" என்றாள்.

"முந்நூறு" என்றார் வாத்தியார்.

சுந்தர்ராஜ் கை தூக்கினார். "எனக்கு. வளக்குறதுக்கு."

'வளக்குறதுக்கு' என்பதை மனைவியின் காதருகில் குனிந்து கொஞ்சம் அழுத்தியே சொன்னார். மூடிய இமை துடித்தது. திறந்தது. அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும். முப்பது வருசமாகத் தெரியும்.

"நானூறு?" என்றார் வாத்தியார்.

கருவிழிகள் மேலே போயின.

"ஷீலா, நானூறு" என்றார் சுந்தர்ராஜ். "அவளுக்குக் கொழம்புக்கு."

"அப்ப தங்கச்சிக்கே..." என்று ஜாஸ்பர் நெஞ்சில் கை வைக்கப் போனார்.

"ஐநூறு" என்றார் சுந்தர்ராஜ். "எனக்கு."

கோயிலில் ஒரு சலசலப்பு. ஜாஸ்பர் எழுந்து வந்தார். "மாப்ள, என்ன இது? ஒரே வீட்டுக்குத்தான போகுது?"

"வீடு ஒண்ணுதான் மச்சான். கட்சி ரெண்டு."

"அதுக்கில்ல மாப்ள. நோயாளிப் பொண்டாட்டியோட மல்லுக்கு நின்னா சனம் என்ன சொல்லும்? நீங்க சாட்சி சொன்ன ஆளு."

சனம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து, "என்ன மனுசன், விட்டுக் குடுத்தா என்னவாம்" என்று தெளிவாகவே கேட்டது. ஒரு வருசமாகக் கட்டி வைத்த நல்ல பெயர், ஒரு சேவலுக்கு முன் பொலபொலவென்று உதிர்வதைச் சுந்தர்ராஜ் கண்ணாரப் பார்த்தார். காது சுட்டது. ஆனால் நாற்காலியில் இருந்த கண் மூடவில்லை. அது போதும்.

"வாத்தியாரே, சபைச் சட்டத்துல புருசனும் பொண்டாட்டியும் எதுத்துக் கேக்கக்கூடாதுன்னு இருக்கா?"

"இதுவரைக்கும் யாருக்கும் தைரியம் வரல, அதனால எழுதல" என்றார் வாத்தியார். "ஆனா நீங்களே கேக்குறீக, அவுகளுக்கும் நீங்களே சொல்றீக. அது சரிப்படாது." மைக்கோடு இறங்கி வந்து, சக்கர நாற்காலியின் முன் குந்தி உட்கார்ந்தார். "ஷீலா, இனி எனக்கு நேரா சொல்லு ஆத்தா. அறுநூறு?"

மேலே.

"எழுநூறு" என்றார் சுந்தர்ராஜ். "கொல்லையில கூடு கட்டுவேன்."

"எண்ணூறு?"

மேலே.

"ஆயிரம். விடியக்காலம் ஒன் சன்னலுக்கு நேரா கூவும்."

மேலே, வாத்தியார் விலை சொல்வதற்கு முன்பே.

யாரோ சிரித்தார்கள். அது பரவியது. பின் வரிசையில் இருந்தவர்கள் பெஞ்சுமேல் ஏறி நின்றார்கள். "விடாதக்கா" என்று ஒரு குரல். "அண்ணே, வளருங்கண்ணே" என்று எதிர்க்குரல். சேவலுக்கு இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. சுந்தர்ராஜின் நெற்றியில் வியர்வை பூத்தது. விலை எங்கோ போய்க்கொண்டிருந்தது. கூடு கட்டும் செலவு தனி.

"மூவாயிரம்" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டு. "வளத்தே தீருவேன்."

வாத்தியார் ஜெபஷீலாவின் பக்கம் மைக்கைத் திருப்பினார். "மூவாயிரத்து ஐநூறு?"

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். சேவலைப் பார்த்தாள். பிறகு கழுத்தைத் திருப்ப முடியாததால் கண்ணை மட்டும் ஓரத்துக்கு நகர்த்தி, புருஷன் நெற்றியில் இருந்த வியர்வையை ஒரு கணம் அளந்து பார்த்தாள்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஷீலா" என்றார் சுந்தர்ராஜ், பதறி. பிறகுதான் அவள் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வருவது கேட்டது. தோள் லேசாகக் குலுங்கியது. சால்வை சரிந்தது. சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிடும் அந்த இடம் இதுதான் என்று அவருக்கு விளங்க, வாத்தியார் ஒருதரம், ரெண்டுதரம் சொல்லி முடிக்கிற நேரம் ஆனது.

"மூணுதரம். சேவல் சுந்தர்ராஜுக்கு."

"மாட்டிக்கிட்டீகளா மாப்ள" என்றார் ஜாஸ்பர், வருசா வருசம் பூசணிக்காய் தின்றவரின் முழு மனநிறைவோடு. "இப்பத்தான் எனக்குத் துணைக்கு ஒரு ஆளு."

"பாவம், வியாதிச் சிரிப்பு" என்று விவரம் தெரிந்தவர் பக்கத்து ஆளுக்கு விளக்கினார். சுந்தர்ராஜ் அவரைத் திருத்தவில்லை.

திரும்பும்போது வேனில் பூசணிக்காய் உருண்டுகொண்டே வந்தது. சேவல் கால் கட்டோடு அவர் மடியில் இருந்தது. கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்.

"கண்ண மூடிக்கிட்டே கெடந்தியே, முடியாமலா?"

மூடல்.

"வேணும்னுதான்?"

மேலே.

"நான் சண்ட போடலைங்கிறதுக்காகவா?"

மேலே.

"ஒரு வருசம் நல்லவனா இருந்தேன். அது ஒனக்குப் புடிக்கலையா?"

கருவிழி தெரியாமல் வெள்ளை மட்டும் தெரிகிற அளவுக்கு மேலே போனது. சுந்தர்ராஜ் சன்னல் பக்கம் திரும்பி, மலையைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சேவல வளப்பேன்" என்றார் திரும்பி.

மூடல்.

"ஒன்னையக் கேக்கல. வளப்பேன்."

மூடல், இன்னும் இறுக்கமாக. வீடு வரும்வரை அப்படியே போனது. டிரைவர் முத்துராஜா கண்ணாடியில் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

சேவல் கொல்லைக் குழாயடியில் கட்டப்பட்டது. கட்டிய கையோடு கூவியது. ராத்திரிக்குப் பூசணிக்காயை வேகவைத்து, கடைந்து, நீர்க்கக் கரைத்து, அவளுக்கு ஒரு கிண்ணத்திலும் தனக்கு ஒரு தட்டிலும் எடுத்துவந்தார். உட்கார்ந்து, கையைக் கோர்த்து, வழக்கம்போல் கண்ணை மூடினார்.

"அன்பின் ஆண்டவரே, ஆதியிலே வானத்தையும் பூமியையும் படைத்து, மிருக ஜீவன்களையும் பறவைகளையும்..."

பறவை என்றதும் சேவல் கூவியது. சுந்தர்ராஜ் ஒற்றைக் கண்ணைத் திறந்தார், திருடன் மாதிரி.

எதிரே ஜெபஷீலாவின் கண் கூரையில் இருந்தது. ஆடாமல், அசையாமல், அழுத்தமாக ஒரு ஆமென். இப்போது போட்டது மாதிரி தெரியவில்லை. முதல் வார்த்தையிலேயே போட்டுவிட்டு, அவர் பார்க்கக் காத்திருந்த மாதிரி இருந்தது. ஒரு வருசமாக ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு வானத்தையும் பூமியையும் சுற்றிவந்த நேரமெல்லாம் எதிரில் அந்தக் கண் எங்கே இருந்தது என்று நினைத்துப் பார்த்தார்.

"இன்னும் நான் முடிக்கல" என்றார்.

அவள் பார்வையை இறக்கவில்லை.

"மழைக்காக ஒரு வார்த்தை, விஜிக்காக ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

இறக்கவில்லை.

"ஆமென்" என்றார் சுந்தர்ராஜ். கரண்டியை எடுத்து ஊதினார். பூசணிக்காய் இன்னும் சூடாக இருந்தது.